கஷ்டத்துக்கு நாம் போட்ட சைபர்

கூடத்தின் பெரிய நாற்காலியில் அமர்ந்து இந்த அவைக்குத் தலைமை தாங்கும் பெரியப்பா அவர்களே! கணக்குப் போட்டுக் கனவு கண்ட அப்பா அவர்களே! கருவி விற்க வந்து, கமிஷன் பற்றி மட்டும் பேசாதிருக்கும் மாமா அவர்களே! வீட்டுப் பத்திரத்தில் பெயர் உடையவராய் இருந்தும் கடைசி வரிசையில் நிற்கும் என் அம்மா அவர்களே! பெரியம்மா, அத்தை உள்ளிட்ட தாய்மார்களே! உங்கள் அனைவரையும் பயத்தோடு வணங்குகிறேன்.

இன்று பத்து மணிக்கு இந்த வீட்டை அடகு வைத்து, கிரிப்டோ என்ற இணைய நாணயத்தைத் தோண்டும் கணினிக் கருவிகள் இன்னும் பத்து வாங்கப் போகிறோம். ஏற்கெனவே ஒன்று என் படிப்பு மேசைக்குக் கீழே இரைகிறது. இதுவரை அம்மா கண்ட லாபம், அதன் அனல்காற்றுக்கு முன்னால் போட்ட துணி அரை மணியில் காய்வது. லாபம் லாபம்தான். நான் மறுக்கவில்லை.

ஆனால் மூன்றே ஆண்டில் கடன் தீரும் என்று சொன்னது யார்? மாமாவின் போனில் உள்ள லாபக் கணிப்பான். அதில் எண்களை நிரப்பியது யார்? நாம்! அந்த நாளை அவைக்கு நினைவூட்டுகிறேன்.

கருவியின் வேகம் போட்டோம். மின்கட்டணம் போட்டோம். நாணயத்தின் விலை போட்டோம். கடைசிக் கட்டத்தில் மாமா நின்றார்.

"அத்தான், டிஃபிகல்ட்டின்னு ஒண்ணு இருக்கு. மாசாமாசம் கஷ்டம் எத்தனை சதவீதம் கூடும்னு கேக்குது."

"நல்ல காரியம் பண்றப்ப கஷ்டம் கூடும்னு எவனாவது எழுதுவானா? சைபர் போடுய்யா," என்றார் அப்பா.

"மைனஸ் போட முடியுமா பாரு," என்றார் அவைத்தலைவர்.

போட முடியவில்லை. சைபர் போட்டோம். அத்தை எல்லாருக்கும் காபி கொடுத்தார்.

அன்பார்ந்தவர்களே! அது நம் வீட்டுக் கஷ்டமா? அல்ல! அம்மாவின் முதுகுவலியா? அல்ல! அது தோண்டுவதன் கடினம். உலகில் கருவிகள் கூடக் கூடக் கடினம் கூடும். கடினம் கூடக் கூட நம் பங்கு குறையும். போன ஆண்டு முழுவதும் மாதம் நான்கு சதவீதம் கூடியிருக்கிறது. நாம் சைபர் போட்டோம் என்று அதற்குத் தெரியாது.

சிரியுங்கள் மாமா, நான் காத்திருக்கிறேன்.

அந்தக் கட்டத்தில் நான்கு போட்டுப் பார்த்தேன். இன்று ஆயிரம் வந்தால் எழுநூறு மின்சாரத்துக்குப் போகிறது. பத்தாவது மாதம், வருவது மின்சாரத்துக்கே போதாது. கடனோ முப்பத்தாறு மாதம்! மீதி இருபத்தாறு மாதம் எதைத் தோண்டுவோம்? எங்கே தோண்டுவோம்? எந்த வாடகை வீட்டில் நின்று தோண்டுவோம்?

"சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்கிறீர்கள், பெரியப்பா. ஒன்றும் தெரியாது. நாணயத்தின் விலை நாளை ஏறுமா என்பதும் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது, அவர் அதைச் சத்தமாகச் சொல்கிறார், அவ்வளவுதான்.

அப்பா, நீங்கள் ஏமாற்றவில்லை. எங்களுக்குக் கஷ்டம் வேண்டாம் என்றுதான் அந்த சைபரைப் போட்டீர்கள். அதனால்தான் இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு பயம். ஒரே ஒரு முறை, அந்த ஒரு கட்டத்தை மட்டும், உங்கள் கையாலேயே மாற்றிப் பாருங்கள்.

என்னம்மா? பீரோவில் பத்திரத்தைக் காணோமா?

அது என் பள்ளிப் பையில், புவியியல் புத்தகத்துக்குள் இருக்கிறது. எடுத்தது நான்தான். அடிப்பதானால் அடியுங்கள். ஆனால் அதை அம்மாவின் கையில் மட்டுமே தருவேன், அதுவும் அந்தக் கட்டத்தில் நான்கு போட்டால் வரும் எண்ணை அம்மா பார்த்த பிறகு.

என்னை இதுவரை உட்காரச் சொல்லாத அவைக்கு நன்றி. அம்மா, மாமாவிடம் போனை வாங்கிப் பாருங்கள். வணக்கம்.