மேட்டுப் பக்கம் திரும்பிய சில்லு

— அர்கம் நானா, நான் ஸ்டியரிங்க நேராத்தான் புடிச்சிருந்தேன். எத்தனை பேருக்குத்தான் இதையே சொல்றது?

— நான் இல்லன்டு சொல்லல்லயே தங்கச்சி. போர்க்லிஃப்ட்ட விட்டு எறங்கி, பின்னுக்கு வந்து டயர் சில்லப் பாருங்க. நேரா ஈக்கிதா?

— ஐயோ, கோணிக்கிட்டுல்ல நிக்கிது!

— ஆனா டிஸ்ப்ளேல நேர் என்டுதான் காட்டுது. சென்சர் ஒடயல்ல, வயரும் ஒழுங்கு. இந்தக் கோணலத்தான் நேர் என்டு யாரோ அதுக்குப் பழக்கி வச்சீக்கிறாங்க.

— அப்போ நான் நேராப் புடிச்சாலும் இது ஒரு பக்கமாத்தான் இழுத்துக்கிட்டுப் போகும்?

— போகாம?

— சாமி! தேயில மூட்டைங்க சரிஞ்சு யுகேஷ் அண்ணன் கால்ல விழுந்ததுலருந்து எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல நானா. இத நீங்களே மேனேஜர்கிட்ட சொல்லிருங்க. இல்லாட்டி இன்னைக்கே என்னய வீட்டுக்கு அனுப்பிருவாங்க.

— சொல்றேன். அதுக்குத்தானே மெஷின் பாக்க என்னய அக்குறணையில இருந்து கூப்பிட்டது. ஆனா பழக்கின ஆள் யாரு என்டு அவரு கேப்பாரே.

— அன்னைக்குக் காலையில பேட்டரி மாத்துனாங்க. ஒடனே சிவப்பு லைட்டு எரிஞ்சுச்சு.

— அப்பத்தான் செஞ்சீக்கிது. எங்க நிப்பாட்டி?

— வெளிய, கேட்டுக்கிட்ட இருக்க எறக்கத்துல.

— யா அல்லா! அந்த லைட்டு எரிஞ்சா, சமதரையில வச்சி, சில்ல நேராக்கிப் போட்டுத்தான் நேர் எது என்டு பழக்குற பட்டன அமத்தணும். எறக்கத்துல நிப்பாட்டினா, உருண்டாலும் முட்டி நிக்கட்டும் என்டு நம்மட ஆக்கள் சில்ல மண்மேட்டுப் பக்கம் திருப்பி வைப்பாங்களே, அப்படியே வச்சி அமத்தியீக்கிறாரு. லொறி ஓட்டின ஆள்தானே?

— நாவலப்பிட்டிப் பக்கம் மலை ரோட்டுல ஓட்டுனவரு.

— நெனச்சேன். பேரு?

— பேரு தெரிஞ்சா என்ன செய்வாங்க நானா?

— என்ன செய்ற? கேக்காமத் தொட்டதுக்கு வேலையால நிப்பாட்டுவாங்க. ஒரு காசு உதவியும் கெடைக்காது.

— கால் ஒடஞ்சு கண்டி ஆஸ்பத்திரியில கெடந்தாலுமா?

— சுப்ஹானல்லாஹ்... யுகேஷா?

— நல்லதுக்குத்தான் செஞ்சாரு, பாவம். எனக்கு நேரமாகுதுன்னு.

— அப்ப நான் மேனேஜர்கிட்ட என்ன தங்கச்சி சொல்ற?

— சில்ல நேராக்கிட்டு, மெஷின்ல ஒரு கொறையுமே இருக்கலன்னு சொல்லிருங்க நானா.