மச்சான் நின்ற இடம்

மரக்கதவுக்கு வருடத்தில் இரண்டு தடவை வார்னிஷ் அடிக்கவேண்டும், இன்ஸ்பெக்டர். பினாங்கில் பலர் இதைச் செய்வதில்லை. கடற்காற்றும் மழையும் மாறி மாறி அடிக்கும் ஊரில், வார்னிஷ் விட்டுப்போன மரம் தண்ணீர் குடிக்கும். குடித்த மரம் கனக்கும். பிறகு கதவு இறங்கவில்லை, ஏறவில்லை என்று ஆட்களைக் கூப்பிட்டுக் கத்துவார்கள்.

நான் அப்படிப்பட்டவன் அல்ல. ஒரு கப்பல் கம்பனியில் முப்பத்தொரு வருடம் இருந்து, தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவன். தஞ்சோங் பூங்காவில் உள்ள என் வீட்டை ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரத் தோட்ட மானேஜரிடம் வாங்கினேன். அக்கம்பக்கத்தில் கார் நிற்க வெறும் கூரைதான். எனக்குக் கதவு வைத்த கராஜ். ஒரே பாளமான மெராந்தி மரக் கதவு. தூக்கினால் தலைக்கு மேல் போய்ப் படுத்துக்கொள்ளும். அதன் கீழ் மூலைகளில் கட்டிய இரண்டு கம்பிக்கயிறுகள் கப்பிகளின் மேல் ஏறி, சுவரோரப் பெட்டிகளில் தொங்கும் இரும்புக் கட்டிகளுக்குப் போகின்றன. கதவின் பாரத்தை அந்தக் கட்டிகள் தாங்கும். மாதம் ஒருமுறை கதவைப் பாதி தூக்கிக் கையை எடுத்துப் பார்ப்பேன். நின்ற இடத்திலேயே நின்றால் கதவு சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். பதினாறு வருடம் சுகமாக இருந்தது.

எண்பத்தேழாம் ஆண்டு தைப்பூசத்துக்கு என் மனைவி தவமணியின் தமையன் விஸ்வலிங்கம் தைப்பிங்கிலிருந்து வந்தார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். இரண்டு வாரம் என்று சொல்லித்தான் வந்தார். வந்த அன்றே என் டட்சன் காரை வெளியே எடுத்துவிட்டுத் தன் பெஜோவைக் கராஜில் விட்டார். பெஜோவுக்கு உப்புக்காற்று ஆகாதாம். டட்சனுக்கு ஆகுமா என்று யாரும் கேட்கவில்லை.

அவரைப் பற்றிக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. நல்ல மனிதர். காலைப் பத்திரிகையை எனக்கு முன் படித்து, என் கையில் தருவதற்கு முன்பே முக்கியமான செய்திகளைச் சொல்லிவிடுவார். மீன் குழம்பில் தலை அவருக்கு. அளவு பார்த்து நான் அடுக்கி வைத்த ஆணி டப்பாக்களை ஒருநாள் நிறம் பார்த்து அடுக்கினார். ஏப்ரல் மாதம் என் வாசிப்பு அறையில் அவருடைய கட்டில் வந்தது. "இனி அண்ணை தனிய அங்க கிடந்து என்ன செய்யிறது? இஞ்சையே இருக்கட்டும்" என்றாள் தவமணி. அண்ணனைப் பார்த்துச் சொன்னாள். நானும் அங்கேதான் நின்றேன். சிரித்தேன். ஒன்பது மாதத்தில் ஒரு கடுஞ்சொல் சொன்னது கிடையாது. நீங்கள் அவரையே கேட்கலாம்.

செப்டம்பர் மழையில் கதவு முனகத் தொடங்கியது. வீட்டுக்கு வந்திருந்தவர்கள் முன்னால் மச்சான் சொன்னார்: "மச்சான், உம்மட கதவு மாடு கன்று போடுற மாதிரிக் கத்துது. முப்பது வருசம் ஒபீசில என்னத்தைப் பார்த்தனீர்?" எல்லோரும் சிரித்தார்கள். தவமணியும்தான்.

சுங்கை பாக்காப்பிலிருந்து முனுசாமியை வரவழைத்தேன். மில் கதவுகளெல்லாம் பார்க்கிறவர், நிதானமான ஆள். குந்தி உட்கார்ந்து மூலையில் கம்பிக்கயிற்றை விரலால் பிரித்துக் காட்டினார்.

"சார், வயரு உள்ளுக்குள்ள கராத் புடிச்சி இத்துப்போச்சு லா. பாருங்க, தொட்டா துருவா உதிருது. மூணு நாலு இழைதான் கதவ புடிச்சிக்கிட்டு இருக்கு. மாத்திட்டுத்தான் தொறக்கணும். அதுவரைக்கும் கீழ யாரையும் நிக்க விடாதீங்க சார். எறங்குச்சுன்னா ஆள் காலி."

வேறு வயர் தானே கொண்டுவந்து போடுவதாகச் சொன்னார். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அது பொய் அல்ல. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் சொன்ன எச்சரிக்கையையும் மதித்தேன். அன்றே தவமணியின் துணி துவைக்கும் மெஷினையும் அரிசித் தொட்டியையும் கராஜிலிருந்து பின்கட்டுக்கு மாற்றினேன். கராஜுக்குள் பாம்புச் சட்டை கிடந்தது, அந்தப் பக்கம் போகாதே என்று அவளிடம் சொன்னேன். வேலைக்கு வரும் நோர்மாவுக்கும் மலாயில் அதையே சொன்னேன். அவர்களுடைய பாதுகாப்பு என் பொறுப்பு.

மச்சானிடம் சொல்லவில்லை. சொன்னாலும் அவர் கேட்கிறவர் இல்லை. என் பேச்சை அவர் கேட்டதாக ஒரு சம்பவத்தை நீங்கள் காட்டமுடியாது.

அக்டோபரில் வார்னிஷ் முறை வந்தது. அடிக்கவில்லை. மழைக்காலத்தில் வார்னிஷ் காயாது. எந்தத் தச்சனும் இதைச் சொல்வான். பதிலாக, உப்புப் படிவது நல்லதல்ல என்று தினமும் மாலையில் கதவைக் குழாய்த் தண்ணீரால் கழுவினேன். ஒரு மணி நேரம் நிதானமாகக் கழுவுவேன். கழுவுவது பராமரிப்பில் சேர்ந்ததுதான். பாதி தூக்கிக் கையை எடுத்தால், இப்போது கதவு நிற்காமல் இறங்கியது. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் வேகமாக.

ஒருநாள் மச்சான் கம்பிக்கயிற்றைக் கவனித்துவிட்டார். "மச்சான், இது துருவேறிக் கிடக்கு. கண்ணுக்குத் தெரியேல்லையோ உமக்கு?" என்றார். உடனே சூலியா தெருவுக்குப் போய் ஒரு டின் வெள்ளிப் பெயிண்டு வாங்கி வந்தேன். துருவைத் தேய்க்காமல் அதன் மேலேயே இரண்டு பூச்சு அடித்தேன். காய்ந்ததும் புதுக் கயிறு போலப் பளபளத்தது. அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

"இப்பதான் நீர் ஒரு வேலையை ஒழுங்காச் செய்திருக்கிறீர்."

இன்ஸ்பெக்டர், அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

அவருக்கு ஒரு பழக்கம். தினமும் காலை ஏழு மணிக்குக் கதவைத் தூக்குவார். தூக்கியதும் காரை எடுக்கமாட்டார். கதவின் முன்விளிம்புக்கு நேர்கீழே இடுப்பில் கைவைத்து நின்று கடலைப் பார்ப்பார், தொண்டையைச் செருமுவார், யாராவது தெருவில் போனால் மழை வருமா என்று தீர்ப்புச் சொல்வார். மூன்று நிமிடத்துக்குக் குறையாது. சாப்பாட்டு மேசையிலிருந்து பார்த்தால் அவருடைய முதுகு நன்றாகத் தெரியும். நான் இடத்தை மாற்றி அந்த நாற்காலியில் உட்கார ஆரம்பித்திருந்தேன்.

நவம்பர் பதினேழு, செவ்வாய்க்கிழமை. முதலில் கட்டி பெட்டிக்குள் விழும் சத்தம் கேட்டது, பிறகு கதவு. அவர் கத்தவில்லை. கத்தியது தவமணி, சமையலறையிலிருந்து. நான் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். சிந்தாமல் வைத்தேன் என்று நினைவிருக்கிறது.

உங்கள் ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், பழைய கதவு, மழைக்காலம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

அவர் சாகவில்லை. முதுகெலும்பு போய்விட்டது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்குத்தான் வந்தார். என் வாசிப்பு அறைக்கு. தூக்கி உட்கார வைப்பது நான், துடைப்பது நான், கஞ்சி ஊட்டுவது நான். வருகிறவர்களிடமெல்லாம், "மச்சானைப் போல ஒரு மனுசனை நான் கண்டதில்லை" என்று கண்கலங்குகிறார். பத்திரிகையை இன்னமும் அவர்தான் முதலில் படிக்கிறார், நான் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும்.

போன வாரம் முனுசாமி இந்தப் பக்கம் ஏதோ வேலையாக வந்தவர், நலம் விசாரிக்க வீட்டுக்குள் வந்திருக்கிறார். நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். "அப்பவே மாத்தச் சொன்னேனே அம்மா, சார் மாத்தலையா?" என்று கேட்டிருக்கிறார். உள்ளேயிருந்து விஸ்வலிங்கம், "இல்லைத் தம்பி, மச்சான் அதுக்குப் பெயின்டெல்லாம் அடிச்சவர், பாவம்" என்றிருக்கிறார். என்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார்.

நான் திரும்பியபோது தவமணி கராஜில், கதவு கழற்றிய இடத்தில் நின்றாள்.

"என்ர மெஷினை எப்ப இங்கயிருந்து எடுத்தனீங்கள்?"

"செப்டம்பரில்."

"அண்ணைக்கு ஏன் சொல்லேல்லை?"

"உனக்குச் சொன்னேனே" என்றேன். "உன்னைத் தள்ளி வைத்தேனே. அதை நீ நினைத்துப் பார்க்கவேண்டாமா?"

மறுநாள் காலை உங்களிடம் வந்திருக்கிறாள். முப்பத்துநாலு வருடம் குடும்பம் நடத்தியவள், ஒரு வார்த்தை என்னிடம் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அதுதான் எனக்கு வருத்தம்.

எழுதிக்கொள்ளுங்கள். கயிறு அறும் என்று தெரியும். அவர் எங்கே நிற்பார் என்று தெரியும். மரத்தை நனையவிட்டவன் நான், துருவுக்குப் பெயிண்டு அடித்தவன் நான். ஆனால் கதவைத் தினமும் தூக்கியது அவர். ஈரம் செய்ததையெல்லாம் என் கணக்கில் எழுதுவது நியாயமா என்று நீங்களே யோசியுங்கள்.

என்மேல் உண்மையாகவே ஒரு குற்றம் உண்டு, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். முனுசாமி அன்று பிரித்துக் காட்டியது இடது பக்கக் கயிற்றை மட்டும். வலது பக்கமும் அதே நிலையில்தான் இருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன், குனிந்து பார்க்கவில்லை. அது நல்ல கயிறாக இருந்திருக்கிறது. அது பிடித்துக்கொண்டதால்தான் கதவு சரிந்து முதுகில் விழுந்தது, தலையில் விழவில்லை. முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் ஒரு வேலையைக்கூட நான் அப்படி அரைகுறையாக விட்டதில்லை.