சத்திரக்காரர் மனைவியின் கர்ப்பம் குறித்து மருத்துவச்சி அத்லா சொன்னது

பெயர் அத்லா. தகப்பனார் பெயர் ஜர்ஜீஸ், காலமாகிவிட்டார். வயது சுமார் ஐம்பத்துநான்கு. கைம்பெண். விலாசம் மோசுல் நகரம், பாபுல் ஜதீத் மஹல்லா, தோல் பதனிடுவோர் சந்து. தொழில் பிரசவம் பார்ப்பது. பதினோரு ஆண்டுகளாகக் காஜி நீதிமன்றத்தில் பெண்களைப் பரிசோதித்துச் சொல்லவும் நியமிக்கப்பட்டிருக்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இன்று யாரும் அழைத்து வராமல் நானாகவே இந்த விசாரணை அறைக்கு வந்தேன். பொய்ச் சத்தியம் செய்தவருக்குச் சிறைத் தண்டனை உண்டு என்பதை விசாரணை அதிகாரி அவர்கள் எனக்குச் சொல்லிவிட்டார்கள். தெரிந்தேதான் வாக்குமூலம் கொடுக்கிறேன்.

சென்ற ஆண்டு முஹர்ரம் மாதத்தில், பாலத்தருகே சத்திரம் வைத்திருந்த இத்ரீஸ் என்பவர் காய்ச்சலில் இறந்தார். அவர் வெளியூர்க்காரர், இங்கே அவருக்கு உறவென்று ஒருவரும் இல்லை. மனைவி நஸீபாவுக்கு அப்போது இருபது வயது. வாரிசு இல்லையென்றால் மனைவியின் பங்கு போகச் சத்திரம் முழுவதும் கஜானாவுக்குச் சேரும் என்பதால், கஜானா அதிகாரி லுத்ஃபி எஃபெந்தி மூன்றாம் நாளே வந்து வாசலில் முத்திரை வைத்தார். நஸீபா தான் கர்ப்பம் என்று சொன்னதால், காஜி முராத் எஃபெந்தி அவளைப் பரிசோதித்துச் சொல்லும்படி எனக்கு உத்தரவிட்டார்.

ஸஃபர் மாதம் முதல் வாரத்தில் நான் நஸீபாவைப் பரிசோதித்தேன். மூன்று மாதம் முடிந்திருந்தது. அதையே குர்ஆன் மீது கைவைத்துச் சொன்னேன். காஜி அவர்கள், "நிச்சயமா சொல்றியா தாயி?" என்று கேட்டார். "முந்நூறு புள்ளைக்கு மேல இந்தக் கையில வாங்கியிருக்கேங்க" என்றேன். எழுத்தர் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு லுத்ஃபி எஃபெந்தி எழுந்து, அந்தப் பெண் வேறு யாருடைய குழந்தையையாவது கொண்டுவந்து காட்டக்கூடும், ஆகையால் பிரசவம் வரை நம்பிக்கையான வீட்டில் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்று கேட்டார். சட்டத்தில் அதற்கு இடம் இருப்பதால் காஜி அவர்கள் ஒப்புக்கொண்டார். நம்பிக்கையான வீடு என்று எழுதப்பட்டது லுத்ஃபி எஃபெந்தியின் அக்காள் மக்பூலாவின் வீடு. பத்து நாளைக்கு ஒருமுறை நான் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் உத்தரவு.

முதல் முறை போனபோது நஸீபா நன்றாக இருந்தாள். இரண்டாம் முறை போனபோது கன்னம் ஒட்டி, கண்ணின் கீழே கறுத்திருந்தது. மாடி அறையில் வைத்திருந்தார்கள். மக்பூலா கீழே இருக்கும்போது நஸீபா என் காதில், "கஞ்சி தினமும் கசக்குதுக்கா. வேண்டாம்னா பக்கத்துலயே உக்காந்து குடிக்க வைக்கிறாங்க" என்றாள். கிண்ணம் ஜன்னலோரம் இருந்தது. அடியில் மிச்சமிருந்ததை முகர்ந்து பார்த்தேன். சதாப்பு இலை. எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் அந்த வாசனை தெரியும், அது கருவைக் கலைத்துவிடும் என்பதும் தெரியும்.

நான் இறங்கி வரும்போது மக்பூலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்து இறங்குங்க. இந்தப் படி ரொம்பச் செங்குத்து. அந்தப் புள்ளைகிட்டயும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன், எங்க கேக்குது" என்றாள். மிகவும் அன்பாகத்தான் சொன்னாள். நாளை நஸீபா விழுந்தால் சொல்வதற்கான பேச்சு அது என்று எனக்குப் பட்டது.

அதன் பிறகு நேராகக் காஜி அவர்களிடம் போனேன். அவருக்குத் தியார்பக்கிருக்கு மாற்றல் வந்து பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கிண்ணத்தைக் கொண்டுவந்தாயா என்று கேட்டார். கொண்டுவரவில்லை. என்னைத் தவிர வேறு சாட்சி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். "வயித்துல புள்ள இருக்கிற வரைக்கும் அந்தப் பொண்ணு அங்கதான் இருந்தாகணும். சட்டம் அப்படி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அதையே இன்னொரு முறை சொன்னார். அப்போது என்னைப் பார்க்கவில்லை, மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காஜி அவர்கள் என்னைப் பொய் சொல்லச் சொன்னாரா என்று விசாரணை அதிகாரி இப்போது கேட்கிறார்கள். சொல்லவில்லை. அது என் யோசனை மட்டுமே.

மறுநாள் காலை வீட்டிலிருந்த கோழியை அறுத்து, ரத்தத்தில் ஒரு துணியை நனைத்து, மடியில் வைத்துக்கொண்டு மக்பூலா வீட்டுக்குப் போனேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நஸீபாவிடம், "யாரு கேட்டாலும் வயித்த வலிச்சுது, ரத்தம் போச்சுன்னு மட்டும் சொல்லு. வேற எதுக்கும் வாயத் தொறக்காத" என்றேன். அவள், "பொய்ச் சத்தியமாக்கா பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள். "நான்தானடி பண்றேன், நீ இல்லையே" என்றேன். அவள் அழவில்லை. என் விரலை மட்டும் வலிக்கும்படி பிடித்துக்கொண்டாள்.

அன்று பகலிலேயே நீதிமன்றத்தில் துணியைக் காட்டி, அது கர்ப்பமே அல்ல, ரத்தக்கட்டு, நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று குர்ஆன் மீது கைவைத்துச் சொன்னேன். லுத்ஃபி எஃபெந்தி சிரித்து, "போகட்டும் பெரியம்மா, வயசானா கை தடுமாறத்தான செய்யும்" என்றார். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். காஜி அவர்கள் சிரிக்கவில்லை. வாரிசு இல்லை என்றும், நஸீபா இனி காவலில் இருக்கத் தேவையில்லை என்றும் எழுதச் சொன்னார். வீட்டுக்கு வந்து மூன்று முறை கை கழுவினேன். கோழியைச் சமைக்கவில்லை, பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

அந்த வாரமே நஸீபாவை ஆற்றில் காற்றடைத்த தோல்பைகள் கட்டிய தெப்பத்தில் ஏற்றி பாக்தாதுக்கு அனுப்பினேன். தெப்பக்காரர் பெயர் கேட்கப்பட்டது. சொல்ல மறுக்கிறேன்.

சென்ற துல்கஅதா மாதத்தில் நஸீபாவின் மனு பாக்தாதிலிருந்து இங்கே வந்தது. இத்ரீஸ் இறந்து ஏழாவது மாதம், ஷஅபானில், தனக்கு நிறைமாதக் குழந்தை பிறந்தது என்றும், சத்திரம் அந்தக் குழந்தைக்குச் சேர வேண்டும் என்றும் மனுவில் இருந்ததாகக் கேள்விப்பட்டேன். அதன் பிறகு லுத்ஃபி எஃபெந்தி கடைத்தெருவில் பறையறைவித்து, நஸீபா நடத்தை கெட்டவள், குழந்தை வேறு எவனுக்கோ பிறந்தது, கர்ப்பம் இல்லை என்று மருத்துவச்சியே சத்தியம் செய்திருக்கிறாள் என்று சொல்ல வைத்தார். என் பெயரையும் சேர்த்தே சொன்னார்கள்.

நான் வாக்குமூலம் கொடுக்கப் போகிறேன் என்று என் அக்காள் மகளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. போன வியாழக்கிழமை ரொட்டிக்கடை ஹம்தூனின் மனைவி வலி கண்டு எனக்கு ஆளனுப்பினாள். நான் போய்ச் சேர்வதற்குள் யாரோ மிரட்டியிருக்க வேண்டும், அவளே வாசல்வரை வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு, "போயிடுங்கக்கா, நீங்க உள்ள வந்தா எங்க கடைய மூடிருவாங்க" என்றாள். அவளுடைய முதல் இரண்டு குழந்தைகளும் என் கையில் பிறந்தவை. அதன் பிறகு என்னை யாரும் அழைக்கவில்லை.

நீ சொன்ன இரண்டில் எது உண்மை என்று கேட்கப்பட்டது. முதலாவது உண்மை, இரண்டாவது பொய். ஒருமுறை பொய் சொன்னவளை ஏன் நம்ப வேண்டும் என்று கேட்கப்பட்டது. அந்தப் பொய்யால் எனக்கு வந்தது ஒன்றுமில்லை, இந்த உண்மையால் சிறை வருகிறது, இதைத் தவிர என்னிடம் வேறு அத்தாட்சி இல்லை என்றேன்.

நஸீபாவும் குழந்தையும் பாக்தாதில் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று கேட்கப்பட்டது. தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகவே நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அப்போது, ஆரம்பம் முதல் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் லுத்ஃபி எஃபெந்தி, "பாக்தாத் ஒண்ணும் அவ்வளவு பெரிய ஊர் இல்ல பெரியம்மா" என்றார். அதை எழுத வேண்டாம் என்று விசாரணை அதிகாரி எழுத்தரிடம் சொன்னார்கள். அது எழுதப்படாத தாளில் ரேகை வைக்கமாட்டேன் என்றேன். அதன் பிறகு எழுதப்பட்டது.

இதுவரை எழுதியதை எழுத்தர் எனக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. எல்லாம் உண்மை.

(அத்லாவின் இடது பெருவிரல் ரேகை)

எழுத்தர் குறிப்பு: மேற்படி அத்லா பிற்பகலில் காவலில் வைக்கப்பட்டார். வாக்குமூலத்தின்போது உடனிருந்த லுத்ஃபி எஃபெந்தியிடம் சாட்சிக் கையெழுத்து கேட்கப்பட்டது. கையெழுத்திடாமல் எழுந்து போனார்.