களிம்பில் கலந்த கம்பளிக் கொழுப்பு

பெயர் சாத்திபால்டி ஒசுமோனோவ், வயது 51, நரின் நகரச் சந்தை ரொட்டிக்கடையில் மாவு பிசைபவன், குடியிருப்பது சந்தைக்குப் பின்தெரு. காவல் நிலையத்தில் விசாரித்தபோது நான் கூறியதாவது:

கடந்த வசந்தத்தில் என் இரண்டு கைகளிலும் அரிப்பு வந்தது. மருந்துக்கடைக்காரி மீரிம்குல் தன் கடையிலேயே கலக்கித் தரும் களிம்பைத் தடவினேன், அதன் பிறகு கொப்புளம் வந்தது, அதன் பிறகு அவர் வேறு மருந்து கலந்து கொடுத்தார், அதன் பிறகு தோல் உரிந்து நீர் வடிந்தது. கேட்டால், "இன்னும் தாராளமா தடவுங்கண்ணே" என்பார். என் கைபட்ட ரொட்டியை ஆட்கள் வாங்க மறுத்தார்கள். இம்மாத முடிவுக்குள் ஆறாவிட்டால் வேறு ஆள் வைப்பேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். இருபத்தெட்டு வருடமாக அங்கே மாவு பிசைகிறேன்.

அதன் பிறகு தலைநகர் பிஷ்கெக் போய்த் தோல் மருத்துவரைப் பார்த்தேன். அவர் என் முதுகில் சின்னச் சின்னச் சோதனை ஒட்டுகள் போட்டு, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்து, மருந்தில் குற்றமில்லை, களிம்பைக் குழைக்கச் சேர்க்கும், ஆட்டு உரோமத்திலிருந்து எடுக்கும் கம்பளிக் கொழுப்புதான் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

ஊர் திரும்பி, அது இல்லாத களிம்பு கேட்டேன். "அது மருந்தே இல்லண்ணே, சும்மா குழைக்கப் போடுறது. அது என்ன பண்ணிடப் போவுது?" என்றார் மீரிம்குல். வரிசையில் நின்ற ஒருவர், "ஆட்டுக் கொழுப்பு ஒத்துக்காத கிர்கிஸ்காரன இன்னிக்குத்தான்யா பாக்குறேன்! உன்ன எங்கேர்ந்துய்யா புடிச்சாங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மீரிம்குலும் சிரித்தபடி ஒரு குப்பியைக் கொடுத்து, இதில் அது இல்லை என்றார். நம்பினேன். மூன்றாம் நாள் விரல்கள் மடங்கவில்லை.

இன்று காலை போய்க் கையைக் காட்டினேன். குப்பியில் மருந்தின் பெயர் மட்டும் ஒட்டியிருந்தது. வேறென்ன கலந்தாய் என்று கேட்டேன். "ஒரு துளி போட்டாத்தான் களிம்பு சேரும். ஒரு துளிக்கா இவ்ளோ கத்துறீங்க?" என்றார். அதன் பிறகு மேசையிலிருந்த குப்பிகளை முழங்கையால் தள்ளினேன். நான்கு உடைந்தன. அவரை அடித்தேன் என்று அவர் புகார் சொன்னது பொய். எனக்குக் கோபம் வந்தது, இன்னும் தணியவில்லை. குப்பியில் என்னென்ன இருக்கிறது என்று அவர் ஒரு தாளில் எழுதித் தரட்டும், அதை முதலாளியிடம் காட்ட வேண்டும்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஒன்று விட்டுப்போயிற்று என்றேன். நான் நிலையத்துக்குள் வந்ததும் அதிகாரி ஐயா வழக்கப்படி சலாம் சொல்லிக் கை நீட்டினார், என் கையைக் கண்டதும் தன் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். அதையும் சேர்த்து எழுதினார்கள். இப்போது எல்லாம் சரி, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) சா. ஒசுமோனோவ்