வன்தட்டுச் சோதனையாளர் ஃபைனெஸ் மக்வின்ஜா அம்மையாருக்குப் பதினோர் ஆண்டு தாமதமாக வரும் பதில்

சில்வா ஏரிக்கரை வானொலியின் சேமிப்பறையை இருபத்தேழு ஆண்டும் பத்து மாதமும் காத்து நின்ற காவலரே! வன்தட்டுகளின் வலிமையையும் வாய்மையையும் வகுத்து அறிந்த வல்லுநரே! அவசரத்தை அறைவாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைந்த அம்மையே! ஸோம்பா மலையடிவாரத்து இச்சிறு நிலையத்தின் பணியாளர்கள் பதினொருவரும் இவ்வூர் வழக்கப்படி முழங்கால் தாழ்த்தி, இரு கையும் மெல்லத் தட்டி உங்களை வணங்குகிறோம்.

உங்கள் பணிநிறைவுக்கான இம்மடலை எழுதியவர் நிகழ்ச்சி அறிவிப்பாளர் மேக்சன் நக்கும்வா. இருபது ஆண்டுகளாக ஒலிவாங்கிமுன் அமர்ந்து பேசுகிறவர், இதை மட்டும் தம்மால் வாசிக்க இயலாது என்று கைவிரித்துவிட்டபடியால், செய்திப் பிரிவின் டெலியா வாசிக்கிறார். மடலில் என்ன இருக்க வேண்டும் என்பதை நீங்களே கடந்த திங்களன்று மேக்சனிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

"மடல் நீதான் எழுதுறியாமே. அந்த வியாழக்கிழமைய விட்டுட்டு எழுதினா, கண்ணாடிச் சட்டம் போட்டுக் குடுத்தாலும் என் வீட்டுச் சுவத்துல ஏறாது, சொல்லிட்டேன்."

"பாராட்டு மடல்ல யாராவது அதெல்லாம் எழுதுவாங்களாம்மா?"

"எழுதணும். அப்புறம், நான் உங்கிட்ட ஒண்ணு கேட்டேன். நீ இன்னும் பதில் சொல்லல."

ஆகவே இம்மடல் உங்களைப் புகழ்வதோடு நில்லாது. அவ்வியாழக்கிழமையையும் சொல்லும், அப்பதிலையும் சொல்லும்.

முதலில் புகழ். 1997ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி ஒலிநாடா எழுத்தராக இங்கு வந்தீர்கள். கணினி வந்தது, லினக்ஸ் வந்தது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளைக் கண்டு மற்றவர்கள் எட்ட நின்றபோது, நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தீர்கள். அன்றுமுதல், கணினியில் ஏற்றுவதையெல்லாம் சேமித்து வைக்கும் வன்தட்டுகளில் உங்கள் கைபடாதது ஒன்றுகூட இந்நிலையத்தில் ஒரு நாளும் ஓடியதில்லை. எத்தனை வேகத்தில் எழுதுகிறது, எத்தனை வேகத்தில் படிக்கிறது, நாள் முழுக்க ஓடினால் எத்தனை சூடேறுகிறது என்றெல்லாம் கோடுபோட்ட நோட்டில் குறித்து, ஒப்பமிட்டு, அதன்பிறகே அதை எங்களிடம் ஒப்படைப்பீர்கள்.

லிம்பேயிலிருந்து ஒரு வியாபாரி வந்த கதையை யார் மறப்பார்? மலிவு விலைத் தட்டுகளை மேசையில் பரப்பி, திரையைக் காட்டி, "நொடிக்கு ஆயிரத்தெண்ணூறு மெகாபைட், மேடம்! உங்க கண்ணால நீங்களே பாருங்க," என்றார் அவர். இயக்குநர் பேனாவைத் திறந்துவிட்டார். நீங்கள் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னீர்கள்:

"தம்பி, அது டிஸ்க்கோட வேகம் இல்ல, மெமரியோட வேகம். நீ எழுதினது இன்னும் மெமரியிலதான் உக்காந்திருக்கு. மெமரிய விடப் பெரிய ஃபைலா எழுது. கடைசி எழுத்து டிஸ்க்குல இறங்குற வரைக்கும் கடிகாரத்த நிறுத்தாத. அப்புறம் பேசலாம்."

எழுதிப் பார்த்தால் இருபத்திரண்டு.

"வோல்டேஜ் கம்மி, மேடம்."

"அப்படியா? பேட்டரியில ஓட்டிப் பாப்பமா?"

வியாபாரி தட்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். இயக்குநர் பேனாவை மூடினார். உங்கள் தேநீர் அப்போதுதான் குடிக்கும் சூட்டுக்கு வந்திருந்தது.

இனி, அவ்வியாழக்கிழமை.

2013ஆம் ஆண்டு அக்டோபர் பத்தாம் நாள். அதற்கு முந்தைய ஆண்டுதான் நிலையத்தின் பழைய ஒலிநாடாக்களைக் கரையான் அரித்து, அரித்தவற்றைப் பின்முற்றத்தில் எரித்தோம். எரிப்பதற்குமுன் அவற்றிலிருந்த நானூற்று முப்பத்தெட்டு மணி நேரக் குரல்களை நீங்கள் ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி, ஒரே வன்தட்டில் சேர்த்து வைத்திருந்தீர்கள். அக்குரல்களுள் ஒன்று மேக்சனுடைய தாயார் எடினா அம்மையாருடையது. விடியற்காலையில் ஏரியிலிருந்து கரை சேர்ந்த படகுகளின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக அவர் வானொலியில் வாசிப்பார். தம் வீட்டுப் படகின் பெயர் வரும்வரை ஏரிக்கரைப் பெண்கள் அடுப்பு மூட்டமாட்டார்கள். 2004இல் அவர் மறைந்தார். தம் தாயின் நிழற்படம்கூட இல்லாத மேக்சனுக்கு, அத்தட்டிலிருந்த பத்தொன்பது மணி நேரமே மிச்சம்.

ஒற்றைப் பிரதி ஆபத்து என்று இயக்குநரிடம் ஓராண்டு மன்றாடிப் புதுத்தட்டு ஒன்றை வாங்கவைத்தவர் நீங்கள். வாங்கிய தட்டைச் சோதிக்காமல் நம்பமாட்டீர்கள். உங்கள் சோதனைகளில் கடுமையானது அது: ஓரம்முதல் மையம்வரை தட்டு முழுவதும் எழுதி, எழுதியதைப் படித்து ஒப்பிட்டு, அதையே நான்கு முறை திரும்பச் செய்வது. அதற்கு உள்ளாகும் தட்டில் முன்பு இருந்த எதுவும் மிஞ்சாது. புதுத்தட்டில் அதைத் தொடங்கினீர்கள். நண்பகலில் மின்சாரம் போயிற்று. இரண்டு மணிக்கு வந்தது. இணைத்திருக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் கணினி ஓர் எழுத்தைப் பெயராக வைக்கும். நின்று மீண்டும் எழும்போது சிலவேளை அப்பெயர்களை இடம் மாற்றி வைத்துவிடும். இது உங்களுக்குத் தெரியும். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். அன்று பள்ளி ஆய்வாளர் பேட்டிக்காக வெளியே காத்திருந்தார். உங்கள் விரல் மேல் அம்புக்குறியை ஒருமுறை அழுத்திப் பழைய கட்டளையைத் திரும்ப அழைத்தது. சோதனை ஓடத் தொடங்கியது. எழுத்து அதேதான், தட்டு வேறு.

வாரத்தில் நான்கு நாள் மின்சாரம் போகும் ஊர் இது. அன்று பிற்பகலிலிருந்து மறுநாள் பிற்பகல்வரை அது ஒரு நொடிகூடப் போகவில்லை. சோதனை கடைசிவரை ஓடி முடிந்தது. குறை: பூஜ்யம் என்று திரை காட்டியது. அறிக்கையை அச்செடுத்துத் தட்டின் வரிசை எண்ணை எழுதக் குனிந்தபோதுதான் உங்கள் கை நின்றது. அந்த அறிக்கையை நீங்கள் கிழிக்கவில்லை. அதன் கீழே, "தட்டில் குறை இல்லை. நான் சோதித்தது காப்பகத் தட்டை. பிழை என்னுடையது. எஃப். மக்வின்ஜா," என்று எழுதிக் கோப்பில் வைத்தீர்கள். அது இன்னும் அங்கே இருக்கிறது.

இயக்குநரிடம் போகுமுன் மேக்சனிடம் வந்தீர்கள்.

"இன்னொரு காப்பி இருக்கும்லம்மா?"

"இல்லப்பா. இன்னொரு காப்பி எடுக்கத்தான் அந்தப் புது டிஸ்க்க வாங்கினது."

மேக்சன் மேசையிலிருந்த செய்தித் தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

"மேக்சன், என்னை மன்னிப்பியா?"

"மூணு மணிச் செய்திக்கு நேரமாச்சு," என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

மறுநாள் ஒரு தேக்கரண்டிக் காம்பால் விசைப்பலகையிலிருந்து மேல் அம்புக்குறியைப் பெயர்த்தெடுத்தீர்கள். டெலியா பணியில் சேர்ந்த அன்று, "கீபோர்டுக்குப் பல்லு விழுந்துருச்சா அக்கா?" என்று கேட்டதற்கு, "விழல. நான்தான் புடுங்கினேன்," என்று மட்டும் சொன்னீர்கள். கூடவே ஒரு விதியும் பிறந்தது: சோதனைக்குமுன் ஒருவர் தட்டின் ஒட்டுத்தாளைப் பார்த்து வரிசை எண்ணை உரக்க வாசிக்க, இன்னொருவர் திரையில் அதைச் சரிபார்க்க வேண்டும். காலைப் பணியில் இருந்தவர்கள் இருவரே. ஒருவர் நீங்கள், மற்றவர் மேக்சன்.

அம்மா, நான்கு ஆண்டுகள்! அந்நான்கு ஆண்டுகளில் உங்கள் இருவருக்கும் இடையில் எழுந்த ஒரே பேச்சு எண்களின் பேச்சு. அவர் ஏழு என்பார், நீங்கள் ஏழு என்பீர்கள். அவர் மூன்று என்பார், நீங்கள் மூன்று என்பீர்கள். பிறகு அவர் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார். 2017 ஆகஸ்டில் ஒருநாள் கடைசி இலக்கத்தை வாசித்து முடித்தும் அவர் போகாமல் நின்றார்.

"சாப்ட்டீங்களா?"

நோட்டில் உங்கள் பேனா பாதி எண்ணில் நின்றது.

"நம்பர மறுபடி சொல்லுப்பா. மறந்துட்டேன்."

அன்று உங்கள் பாத்திரத்திலிருந்த உசிபா மீனும் ன்சிமா என்னும் சோளமாவுக் களியும் இரண்டு பங்காயின.

இதற்கிடையே உங்கள் சனிக்கிழமைகள் எங்கே போயின என்பதை ஏரிக்கரை அறியும். கச்சூலு துறையிலிருந்து தீவுகள்வரை, வானொலி கேட்டு வீட்டிலேயே ஒலிநாடாவில் பதிந்து வைத்தவர்கள் யார் யார் என்று விசாரித்து, வீடு வீடாக ஏறி இறங்கினீர்கள். எம் நிலையத்தின் குரல்கள் தொண்ணூற்றாறு மணி நேரம் திரும்பி வந்தன என்றால், உங்கள் முழங்கால்கள் தேய்ந்து வந்தவை அவை. 2018 ஜூனில் ஒரு சனிக்கிழமை மாலை, சீசி தீவிலிருந்து ஈரப் பாவாடையோடு நேரே மேக்சன் வீட்டுக்கு ஓடினீர்கள். ஒலிப்பதிவுப் பெட்டியை மேசைமேல் வைத்து முடுக்கினீர்கள். ஒரு பெண்குரல் படகுப் பெயர்களை வாசித்தது. மேக்சன் மூன்று பெயர்வரை செவிகொடுத்துக் கேட்டார்.

"இது எங்கம்மா இல்லம்மா. அவங்க லீவுல போறப்ப வந்து வாசிச்ச அக்கா."

"நல்லாக் கேளு. இன்னொரு தடவ கேளு."

"எங்கம்மா கொரல் எனக்குத் தெரியாதா?"

பெட்டியை நிறுத்த உங்களுக்குப் பொத்தான் அகப்படவில்லை. மேக்சனே நிறுத்தினார்.

நீங்கள் பதினோர் ஆண்டாகக் கேட்டு நின்ற பதில் இதோ. மேக்சன் உங்களை அந்த மாலையே மன்னித்துவிட்டார். மன்னித்ததை உங்களிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் நீங்கள் தேடுவதை நிறுத்திவிடுவீர்களோ என்று அஞ்சினார். எங்கோ ஒரு வீட்டுப் பரணில் தம் தாயின் குரல் இருக்கும் என்ற ஆசையால், மேலும் ஏழாண்டுக்கு அருகில் உங்களைப் படகேற்றி அனுப்பினார். கரடுமுரடான கரையில் கைத்தடியூன்றி நீங்கள் இறங்கியதை அவர் பார்த்திருக்கிறார். பார்த்தும் வாய் திறக்கவில்லை. குரல் கிடைக்கவும் இல்லை. இனிக் கிடைக்கும் என்று அவர் நம்பவும் இல்லை. நேற்று இவ்வரைவைப் படிக்கும்வரை எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது.

"இத வாசிச்சே ஆகணுமாண்ணே?" என்று டெலியா கேட்டார்.

"வாசி. அவங்க பிழைய அவங்க எழுதச் சொன்னாங்க. என்னோடத நான் சொல்ல வேணாமா?"

பிழையை ஒப்பிய பெருந்தகையே! பிரியும் பேரன்பே! நீங்கள் இல்லாத சேமிப்பறைக்கு நாங்கள் எப்படிப் பழகப்போகிறோம் என்று அறியோம். லிவொண்டேயில் மகள் வீட்டு மாமர நிழலில், நோவில்லாத முழங்கால்களும் குறைவில்லாத உறக்கமும் கூடிவர, நூறாண்டு நீங்கள் வாழ வேண்டும்! நாளை சனிக்கிழமை. தீவுப் படகில் உங்களுக்கு இடம் வைக்க வேண்டாமென்று படகோட்டிக்குச் சொல்லி அனுப்பிவிட்டோம். உங்கள் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு நாளை மேக்சன் போகிறார். நீங்கள் வீட்டில் இருங்கள், அம்மா.

உங்கள் பிரிவால் வாடும்,
சில்வா ஏரிக்கரை வானொலிப் பணியாளர்கள்
ஸோம்பா, மார்ச் 28, 2025, வெள்ளிக்கிழமை