வெள்ளைக் கோட்டுக்கு ஒரு ஆள்

வேஷம்னு மட்டும் சொல்லாதீங்க சார். என்கிட்ட சொன்னது பரவாயில்ல, நான் சிரிச்சுட்டுப் போயிடுவேன். ஆனா இந்த முகாம்ல வேற யார் காதுலயாவது விழுந்துதுன்னா, சொன்னவர் எல்லாருக்கும் பீர் வாங்கித் தரணும். அது இங்க வழக்கம். சீருடைன்னு சொல்லணும், உடுப்புன்னு சொன்னாலும் சரி. வேஷம் போடறதெல்லாம் கோலோன் ஊர்ல, பிப்ரவரி மாறுவேடத் திருவிழாவுல. இது அக்டோபர், இது லைப்சிக். உள்ள வாங்க, கூடாரக் கயிறு தட்டும், பாத்து. வீட்டம்மா வெளியவே நின்னு படம் புடிக்கட்டும். அவங்க சிரிக்க ஆரம்பிச்சா அப்புறம் உங்களுக்குக் கால்சட்டை மாட்டக் கை வராது.

எங்கேர்ந்து வர்றீங்க? கெம்னிட்ஸா? அப்பாடா, சாக்சனிக்காரர்தான். பெர்லின்னு சொல்லியிருந்தீங்கன்னா, பிரஷ்யாக்காரராச்சேன்னு நான் கொஞ்சம் யோசிச்சிருப்பேன்.

விஷயத்தைச் சொல்லிடறேன். இருநூறு வருஷம் முன்னாடி இதே ஊர்ல நடந்த சண்டையை, சங்கம் சங்கமா சேந்து வருஷா வருஷம் அப்படியே நடத்திக் காட்டறோம். எங்க சங்கம் சாக்சனிக் காலாட்படை, ஆயிரத்து எண்ணூத்திப் பதிமூணாம் வருஷம். சண்டை ஆரம்பிக்கும்போது பிரெஞ்சுக்காரங்க பக்கம் நிப்போம். நடுவுல, சுட்டுக்கிட்டு இருக்கும்போதே, அப்படியே வரிசை கலையாம நடந்து எதிர்ப்பக்கம் போய் பிரஷ்யாக்காரங்களோட சேர்ந்துடுவோம். ஆமா, நிஜமா நடந்ததுதான். ஜனங்க டிக்கெட் வாங்கறதே அந்த இடத்தைப் பாக்கத்தான். இன்னிக்கு எங்க முன் வரிசையில ஒரு ஆள் குறையுது. ஒருத்தர்தானே, போகட்டும்னு நினைப்பீங்க. அப்படி விடமாட்டாங்க. ஆள் குறைஞ்சா, சண்டையை நடத்தறவங்க தனிப் படையா இறக்க மாட்டாங்க, பாடன் நாட்டுப் படையோட சேத்து நிறுத்திடுவாங்க. பாடன்காரங்க கட்சி மாறவே இல்ல சார். கடைசிவரைக்கும் பிரெஞ்சுக்காரங்களோட இருந்து கைதானாங்க. அவங்க நடுவுல நின்னுக்கிட்டு நாங்க எப்படிக் கட்சி மாறுறது?

அதான் சாசேஜ் வரிசையில உங்க தலை மட்டும் தனியாத் தெரிஞ்சதும் ஓடி வந்தேன். வலது ஓரத்துல நிக்கறவன் உயரமா இருக்கணும்.

முதல்ல கடிகாரத்தைக் கழட்டுங்க. மோதிரம் இருக்கட்டும், கல்யாணம் அப்பவும் இருந்துது. இந்தச் சட்டையைப் போடுங்க, நார்த்துணி, கொஞ்சம் குத்தும். உள்ள என்ன போட்டிருக்கீங்கன்னு நான் கேக்க மாட்டேன். போன வருஷம் வரைக்கும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன், நிறைய பேர் சங்கத்தை விட்டுப் போயிட்டாங்க.

ஆமா, வெளியேர்ந்து போப்புன்னு கூப்பிட்டது என்னைத்தான். யாரோட பொத்தான் சரி, யாரோட தையல் தப்புன்னு தீர்ப்பு சொல்றவனுக்கு எல்லா முகாம்லயும் அதே பேருதான். மரியாதையா வச்ச பேருன்னு நினைச்சுடாதீங்க. வாரநாள்ல நான் லத்தீன் வாத்தியார், அங்க வச்ச பேரு இதைவிட மோசம்.

ஷூ. இல்ல, இதுல இடது வலதுன்னு கிடையாது. அந்தக் காலத்துல ரெண்டையும் ஒரே அச்சுலதான் தைப்பாங்க. எதை வேணா எதுல வேணா மாட்டலாம், ரெண்டு காலும் ஒரே மாதிரி வலிக்கும். ஷூவுக்கு மேல இந்தக் கறுப்புத் துணி உறையை இழுத்து, பக்கத்துல பொத்தான் போடணும். குனிய வேண்டாம், நான் போடறேன். நீங்க நிமிர்ந்து பழகுங்க.

நீங்க பயப்பட வேண்டியது வோல்க்மாருக்கு மட்டும்தான். அவர்தான் எங்க கேப்டன். முரசு அடிச்சதும் ஷூலேர்ந்து தொப்பி வரைக்கும் ஒவ்வொருத்தரா பாத்துக்கிட்டே வருவாரு. ஏதாவது ஒண்ணு பிசகா இருந்தா, வெளிய நில்லுன்னு சொல்லிடுவாரு. உங்களை அப்படிச் சொல்லிட்டாருன்னா நாங்க தொலைஞ்சோம், நேரா பாடன்காரங்க கிட்டதான். வாயைத் திறங்க பாப்போம். முன் பல்லு மேலயும் கீழயும் இருக்கா? அசல்தானே? சரி. தோட்டா காகிதத்துல சுத்தி வரும், பல்லால கடிச்சுக் கிழிக்கணும். பல்லு இல்லாதவனை அன்னிக்குப் படையிலயே எடுக்க மாட்டாங்க. வோல்க்மார் நிஜமாவே திறந்து காட்டச் சொல்வாரு, அவர் பல் டாக்டர். சொத்தை இருந்தா திங்கக்கிழமை வரச் சொல்வாரு, அவ்வளவுதான்.

சுடறதா? கூடாது, அதுக்கு உரிமம் வேணும், உங்ககிட்ட இல்ல. காகிதத்தைக் கடிங்க, துப்புங்க, துப்பாக்கியைத் தோள்ல வையுங்க. பக்கத்து ஆள் சுடும்போது நீங்களும் தோளைக் குலுக்குங்க. அந்தப் புகையில யாருக்கும் ஒண்ணும் தெரியாது.

கோட்டு. இப்படிக் கையைப் பின்னாடி குடுங்க. மெதுவா, மெதுவா. அட, அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கே. பாத்தீங்களா, மஞ்சள் காலர், மஞ்சள் கைப்பட்டி. வெள்ளைங்கறதால ஒரு பொட்டு அழுக்குப் பட்டாலும் தெரியும், அதனால புல்லுல உக்காராதீங்க. பிரஷ்யாக்காரங்களுக்குக் கவலையே இல்ல, நீலம். நீலத்துல அழுக்கு தெரியாதுல்ல, அதான் அவங்க தோய்க்கறதே கிடையாது. இது நான் சொல்றது இல்ல, வோல்க்மார் சொல்றது. கட்சி மாறிப்போய் உதவி பண்ணோம், ரெண்டே வருஷத்துல எங்க நாட்டுல பாதியைப் புடுங்கிக்கிட்டாங்கன்னு, போன வாரம் நடந்த மாதிரி புலம்புவாரு. அவர் தங்கச்சி பிரஷ்யாப் பக்கம் பொட்ஸ்டாம்ல வீடு வாங்கினதுக்கு மூணு மாசம் அவகிட்ட பேசல.

யாரோட கோட்டா? ஒருத்தரோடது.

ஐயோ, சாகல்லாம் இல்ல சார். நல்லா இருக்காரு. முன்னைவிட ரொம்ப நல்லா இருக்காரு. அவருக்கு இன்னிக்கு வேற ஜோலி, அவ்வளவுதான். உள்பக்கத் தையலைப் பாருங்க, எல்லாம் கையால போட்டது. மூணு குளிர்காலம் உக்காந்து தைச்சாரு. கக்கத்துல மட்டும் கொஞ்சம் புடிக்கும், கையை ரொம்பத் தூக்காதீங்க.

கடைசிப் பொத்தானும் போட்டாச்சா? சரி, இனிமே நீங்க கிடையாது, நீதான். கோட்டைப் போட்டவனுக்கு இங்க மரியாதை குடுக்க மாட்டோம். என் பேரு எக்கேஹார்ட். உன் பேரு என்ன? டீட்மாரா, நல்ல பேரு, அந்தக் காலத்துக்கும் பொருந்தும். எங்கள்ல ஒருத்தன் பேரு கெவின், நேத்து வந்த இங்கிலீஷ் பேரு. அவனை என்ன பண்றதுன்னு இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்.

இந்த வாரைக் குறுக்கால மாட்டு டீட்மார். வெள்ளைக் களிமண் பூசியிருக்கு, தொட்டா கையில ஒட்டும், கையைக் கோட்டுல துடைக்காத. தோட்டாப் பெட்டி வலது இடுப்புல. முதுகுக்கு இந்தப் பை, மாட்டுத்தோலு, முடி வெளிப்பக்கம். மழை பெஞ்சா மாடு மாதிரியே நாறும். இன்னிக்குப் பெய்யாது.

கண்ணாடியைக் கழட்டிக் குடு. தெரியலையா? ஒண்ணுமே தெரியலையா? ரொம்ப நல்லது, நிஜப் படையில பாதிப் பேருக்குத் தெரியாது. முன்னாடி போறவன் முதுகைப் புடிச்சுக்கிட்டுப் போனா போதும். ஆ, நீ முன் வரிசையாச்சே, உனக்கு முன்னாடி யாரும் இல்ல. அப்போ பக்கத்துல கெவினோட முழங்கையை உரசிக்கிட்டே நட. அவன் பேருதான் சரியில்ல, நடை பிரமாதம்.

தொப்பியை நெத்திக்கு இறக்கி வை. இன்னும் கொஞ்சம். தாடைப் பட்டையைக் கடிக்காத, குதிரையா நீ? திரும்பு. நட. நில்லு. சாசேஜ் வரிசையில நின்னவன்னு யாராவது சொல்வாங்களா? வோல்க்மார் காலர்ல விரலை விட்டுப் பாப்பாரு, சிரிச்சுடாத. ஏதாவது கேட்டா, ஆமா கேப்டன்னு மட்டும் சொல்லு. கெம்னிட்ஸ் பேச்சு பேசினாலே பாதி பாஸ்தான்.

நானா? நான் உன் பக்கத்துல எப்படி நிப்பேன்? நீ நிக்கறதே என் இடத்துலதானே. கோட்டும் என்னோடதுதான்.

ஏன் நிக்கலையா, முழங்கால் வலியான்னா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கு. போன அக்டோபர்ல, பிரஷ்யாக்காரங்க முகாம் ஓரமா நடந்து போய்க்கிட்டிருந்தேன். அவங்க சாராய வண்டிக்குப் பின்னாடி ஒரு அம்மா நின்னு வாழைப்பழம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. ஆயிரத்து எண்ணூத்திப் பதிமூணுல, லைப்சிக்ல, வாழைப்பழம். அன்னிக்கு இந்த ஊர்ல யாரும் கண்ணால பாத்திருக்காத பழம். பத்து வருஷமா பொத்தானுக்காக ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பினவன் நான். திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவங்க பாதியைப் பிச்சு என் கையில குடுத்து, போப் சாப்பிட்டா பாவம் இல்லன்னாங்க. சாப்பிட்டுட்டேன். பேரு ஹென்ரிக்கே. பிரஷ்யாப் பக்கம் நொய்ருப்பின்ல மாட்டு டாக்டர். போன வியாழக்கிழமை பதிவாளர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டோம். இன்னிக்கு நான் போடப்போற நீலக் கோட்டை அவளே தைச்சா, மெஷின் தையல்தான், நான் வாயே திறக்கல.

வோல்க்மாருக்கு இன்னும் தெரியாது. இடத்தைக் காலியா விட்டுட்டுப் போனா ஆயுசுக்கும் பேசமாட்டாரு. ஆளை நிறுத்திட்டுப் போனா, திட்டிட்டுப் பொண்ணு எப்படின்னு கேப்பாரு. அதுக்குத்தான் உன்னை இந்தப் பாடு படுத்தினேன். மத்தியானம் நீங்கள்லாம் நடந்து வருவீங்கல்ல, முதல்ல கை நீட்டற நீலக் கோட்டு நான்தான். கண்ணாடி இல்லாம உனக்குத் தெரியாது, நானே புடிச்சுக்கறேன்.

முரசு அடிக்கிறாங்க, கிளம்பு. போப் எங்கன்னு வோல்க்மார் கேட்டாருன்னா, கட்சி மாறிட்டாருன்னு சொல்லு. அது மத்தியானம்தானேன்னு கத்துவாரு, விடாத. காலாட்படைதான் மத்தியானம், பதிமூணுல சாக்சனிக் குதிரைப்படை காலையிலேயே கட்சி மாறிப் போயிடுச்சு, அவங்களோட போயிட்டாருன்னு சொல்லு. அதுக்கு ஆதாரம் இருக்கு.