பன்னிக் கஞ்சி மணக்குது

— மூட்டையைக் கீழ வை தம்பி. பைக்ல கட்டுற வேலையே வேணாம். அது என் வாசலைத் தாண்டக் கூடாது, சொல்லிப்புட்டேன்.

— தியேப் அக்கா, நான் ஆசைப்பட்டா எடுத்துட்டுப் போறேன்? அதாவது, பியன் ஹோவா தீவன ஆலையில சொல்லிட்டாங்க. இந்த மருந்து மணியைக் குடுத்த எல்லா வீட்டுலயும் குட்டிங்களுக்குக் கழிச்சல் நின்னுடுச்சு. உங்க வீட்டுல மட்டும் நிக்கல. "குவான், அந்த வீட்டை விட்டுட்டு வேற ஆளைப் பாரு"ன்னுட்டாங்க.

— எம் பன்னிங்க மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுங்க? பால் மறந்ததுலேருந்து தண்ணியாப் போகுதுங்க. முதுகெலும்பு துருத்திக்கிட்டு நிக்குது. பாக்கப் பாக்க எனக்கு வயிறு எரியுது. தெத் புத்தாண்டுப் பண்டிகைக்குள்ள இதுங்க தேறலன்னா எம் புருசன் இளவரசியைக் கசாப்புக்குத் தள்ளிவிட்டுருவாரு.

— இளவரசி யாருக்கா?

— தாய்ப்பன்னிதான். அதோ, ஒன்னையே முறைக்குது பாரு.

— கோவிச்சுக்காதீங்க, மறுபடி கேக்கறேன். மணியைத் தீவனத்துல நல்லாக் கலந்தீங்களா?

— நல்லாவா? நான் கலந்தது தெருவுக்கே தெரியும். ஆனா ஒண்ணு, மொத நாள் நீ குடுத்துட்டுப் போனதும் ஒரு பிடி அள்ளி மோந்து பாத்தேன். பட்டை எண்ணெய், அன்னாசிப்பூ எண்ணெய்னு அவ்வளவு அளந்தியே, ஒரு வாசமும் இல்ல. மெழுகை உருட்டி ஏமாத்திட்டான் பயன்னு நெனச்சேன்.

— வாசம் வரக் கூடாதுக்கா, சூட்சுமமே அதுல இருக்கு. அதாவது, எண்ணெய் உள்ள இருக்கு, அதுக்கு மேல கெட்டிக் கொழுப்புல ஒரு சட்டை. சட்டை இல்லாமக் குடுத்தா பாதி காத்துல போயிடும், மிச்சம் வயித்துலயே தீந்துடும். சட்டையோட போனா குடலுக்குப் போய்த்தான் கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். கழிச்சல் பண்ற கிருமி அங்கதானே குடித்தனம் நடத்துது.

— நீ ஒண்ணு. அன்னைக்கே வாசம் வந்துடுச்சே. இப்பக்கூட வருது, ஒனக்குத் தெரியல?

— எனக்கு எங்க தெரியும்? நாள் பூரா அந்த எண்ணெயோட பொழங்கி இந்த வாசத்துக்கு மட்டும் என் மூக்கு செத்துப் போச்சுக்கா. இருங்க, வாசம் வருதா? அது எப்படி வரும்?

— தியேப்! இருக்கியா உள்ள? ஒரு வார்த்தை பேசணும்.

— வாங்க தாம் மாமா. தம்பி, எதுத்தாப்புல ஃபோ நூடுல்ஸ் சூப்புக் கடை வச்சிருக்காரே, அந்தத் தாம் மாமா இவருதான். மாமா, இவரு குவான், தீவன ஆலைக்காரரு.

— எனக்கென்ன, எவரா இருந்தா எனக்கென்ன. நான் வம்புக்கு வரல. ஒரே கேள்வி. நீ ஃபோ கடை போடப் போறியா?

— நானா? பன்னி கழுவவே எனக்கு நேரம் பத்தல.

— மறைக்காத. விடியறதுக்குள்ள ஒங் கொல்லையிலேருந்து சூப்பு வாசம் கெளம்புது. பட்டை, அன்னாசிப்பூ, எல்லாம் தூக்கலா. முப்பது வருசமா சூப்பு அண்டாவுக்கு முன்னாடி நிக்கறவன் நான். எஞ் சூப்புலயே அதை அள்ளி அள்ளிப் போடறவன். எனக்குத் தெரியாதா?

— ஐயோ மாமா, அது பன்னிக்குக் காய்ச்சற கஞ்சி.

— என்னது?

— கஞ்சியா? அக்கா, மணியை எதுல போட்டீங்க?

— அண்டாவுலதான். குருணை, தவிடு, வாழைத்தண்டு எல்லாம் போட்டு, தளதளன்னு கொதி வந்ததும் மணியைக் கொட்டி நல்லாக் கெளறுவேன். எம் பன்னிங்க என்னைக்குப் பச்சையாத் தின்னுச்சுங்க? கொட்டினதும் கமகமன்னு வந்துச்சு பாரு, அப்பதான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு. தம்பி நல்லவன், சரக்கு அசல்னு.

— போச்சு. அந்தச் சட்டை கொதியில உருகிடும்க்கா. உங்க குட்டிங்களுக்கு மருந்து போகவே இல்ல. அத்தனையும் தெருவுக்குப் போயிருக்கு.

— அடப்பாவி, கலக்கச் சொன்னியே, ஆற வச்சுக் கலக்குன்னு சொன்னியா?

— மத்தவங்க எல்லாரும் காஞ்ச தீவனம் போடறாங்க. நீங்க காய்ச்சுவீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. தப்பு என்னுதுதான்.

— அப்ப எம் பன்னிங்க மேல குத்தம் இல்ல?

— சத்தியமா இல்ல. கஞ்சி கை பொறுக்குற சூட்டுக்கு வந்தப்பறம் மணியைப் போடுங்க. மூட்டை இங்கயே இருக்கட்டும். ஆலையில நான் பேசிக்கறேன்.

— இளவரசி, கேட்டியாடி? ஒனக்கு ஆயுசு கெட்டி. உக்காரு தம்பி, ஐஸ் போட்டு ஒரு காப்பி குடிச்சுட்டுப் போ. மாமா, நீங்களும் மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. நாளையிலேருந்து அந்த வாசம் வராது. நிம்மதியா யாவாரம் பண்ணுங்க.

— கொஞ்சங்கூட வராதா?

— கொஞ்சங்கூட வராது. வாசம் வந்தா நான் தப்புப் பண்றேன்னு அர்த்தம். அப்படித்தானே தம்பி?

— அப்படித்தான்க்கா.

— எனக்கென்ன. வந்தா எனக்கென்ன, வராட்டி எனக்கென்ன. ஏம்ப்பா, ஒம் பேரு குவானா? இந்த மணி ஒரு மூட்டை என்ன வெல?

— ஐயா, நீங்க பன்னி வளக்கலையே?

— இல்ல. கொதியில போட்டா உருகிடும்னியே, நெசந்தானே?

— நெசந்தான். ஆனா அது தீவனம், மனுசங்க சாப்பிடறதுக்கு இல்லைங்க.

— சாப்பிட யாரு குடுக்கறா? கடை வாசல்ல ஒரு சட்டியில சும்மா கொதிக்க விடப் போறேன்.

— எதுக்கு மாமா? உங்க சூப்புலதான் பட்டையும் அன்னாசிப்பூவும் அள்ளி அள்ளிப் போடறீங்களே.

— விக்கிற வெலையில அதையெல்லாம் எவன் போடுவான்? ஒம் பன்னிக் கஞ்சியை மோந்துட்டுத்தான்டி இத்தனை நாளா எங் கடையில வந்து உக்காந்தாங்க எல்லாரும்.